மேரி புஷ்பம் டீச்சர் சுவரில் ஒட்டிய கேள்வி

அன்று வட்டகொடையில் டீச்சருடைய சவப்பெட்டியைச் சுற்றி வீட்டுக்குள் நின்றவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. டீச்சரின் தங்கச்சி ஸ்டெல்லா தலைமாட்டில் இருந்தார். பங்குச் சுவாமியார் இருந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய தலைமையாசிரியர், பெரிய மாஸ்டர், நாற்காலியில் இருந்தார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஐயா வந்திருந்தார்; பெயர் சொன்னார், எழுத எனக்கு மனமில்லை. கீழ்க் கிராமத்துக் குசுமா ஆச்சி, அந்த வயதில், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். டீச்சரிடம் படித்த ரோகிணி, கிங்ஸ்லி, என் பேத்தி தர்ஷினி மூவரும் கால்மாட்டில் நின்றார்கள். என் மூத்த மகன் சந்திரன் மைக்குப் பக்கத்தில் நின்றான். நான் ஆறாயி, சுவரோரம். மற்ற சனமெல்லாம் வெளியே குடைக்குள்.

செய்தி வந்தது அதற்கு இரண்டு நாள் முந்தி, காலையில். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து சுளகைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்பாயி, டீச்சர் போயிட்டாங்க."

"எங்க?" என்று கேட்டேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் விளங்கியது. ஒரு வாரக் காய்ச்சல், நெஞ்சில் சளி. அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாளுக்குப் பழைய பிள்ளைகள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், டீச்சரைத் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்றார்கள். நான் மூன்றாம் ஆண்டுக்கு மேல் படிக்காதவள். ஒரு பக்கத்தில் முடிக்கத் தெரியாது.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்தவள். ஒரே நீள மண்டபம், நடுவில் தட்டி வைத்து ஐந்து வகுப்பு. சமையல் கொட்டிலுக்கும் நாலாம் ஆண்டுக்கும் நடுவே அரைச் சுவர்தான். அதனால் எந்த மாஸ்டர் படிப்பித்தார், எவர் தூங்கினார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதினால் மலர் தாங்காது.

டீச்சர் வந்த பிறகுதான் அந்தச் சுவருக்கு அப்பால் பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்டது. மூன்று மாதப் பள்ளித் தவணை ஒவ்வொன்றும் தொடங்குமுன் டீச்சர் என் கொட்டிலில் வந்து உட்காருவார்கள். பழைய கலண்டர்த் தாளைத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் ஒரு கேள்வி. அதிலிருந்து கோடு கோடாக இழுத்து, ஒரு கோட்டில் கணக்கு, ஒன்றில் தமிழ், ஒன்றில் சிங்களம், ஒன்றில் சுற்றாடல், ஒன்றில் சித்திரம். அந்தத் தவணை முழுக்க எல்லாப் பாடமும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வரும். நல்ல கேள்வி கிடைக்கும்வரை தாளைக் கிழித்து என் அடுப்பில் போடுவார்கள். எனக்கு விறகு மிச்சம்.

ஒரு தடவை 'மழை எப்படிப் பெய்கிறது' என்று எழுதி, அதையும் கிழித்தார்கள்.

"ஏன் டீச்சர், நல்லாத்தானே இருக்கு?"

"புத்தகத்துல விடை இருக்கு அக்கா. ஒரு பாட நேரத்துல முடிஞ்சிரும். கேள்வின்னா மூணு மாசம் தாங்கணும். வீட்டுக்குப் போயும் பிள்ளைய அரிக்கணும்."

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல். "மூணு மாசம் என்ன, எனக்கு முப்பது வருசமா அரிக்குது. துரை பங்களாவுல மழைன்னா சன்னலைச் சாத்திட்டுத் தேத்தண்ணி குடிக்கிறாங்க. என் ஒத்த அறைக் காம்பராவுல ஒழுக்குக்கு ஏழு சட்டி வைக்கிறேன். மலையில நனைஞ்சு கொழுந்து எடுத்தா, ஈரக் கொழுந்துன்னு நிறையில கழிச்சிர்றாங்க. மழை எல்லாருக்கும் ஒண்ணாவா டீச்சர் பெய்யுது?"

டீச்சர் என்னையே பார்த்தார்கள். பிறகு வட்டத்துக்குள் அதை அப்படியே எழுதினார்கள். மறுநாள் நாலாம் ஆண்டுச் சுவரில் பெரிய எழுத்தில் அது ஒட்டியிருந்தது. என் வாயிலிருந்து வந்த ஒன்றைச் சுவரில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளைகள் போத்தலை வெட்டிக் கோடு போட்டு மழையை அளந்தார்கள். எந்தக் காம்பராவில் எத்தனை ஒழுக்கு என்று எண்ணிக் கட்டம் வரைந்தார்கள். ஈரக் கொழுந்து கழிக்கிற கணக்கைப் போட்டார்கள். அதை என்னிடம்தான் கேட்டார்கள். சிங்களப் பாடத்துக்குக் கீழ்க் கிராமத்துக்கு இறங்கி, குசுமா ஆச்சியிடம் "வெஸ்ஸ ஓனத, ஆச்சி?" என்று, மழை வேண்டுமா என்று, கேட்டார்கள். வேண்டும், ஆனால் மழை என்னைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தார்கள்.

பெரிய மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன டீச்சர், படிப்பிக்கிறீங்களா, பிள்ளைகளைக் குளிப்பாட்டுறீங்களா?"

"ரெண்டும்தான் சார்."

அப்படி அளந்துகொண்டு போனபோதுதான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மேட்டில் மண் பிளந்திருந்ததைப் பிள்ளைகள் கண்டார்கள். டீச்சர் வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடிக்கச் சொன்னார்கள். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, திங்கட்கிழமை தோறும் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு திங்கள் நாலு சென்ரிமீற்றர், அடுத்த திங்கள் ஏழு. தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் முறை வந்தது. வகுப்பே சேர்ந்து தோட்டத்து ஆபீசுக்கு எழுதியது: 'எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் அகன்றுகொண்டு போகிறது. தயவுசெய்து வந்து பாருங்கள்.'

ஆபீசில் அந்தக் கடிதத்தைப் பிரித்த கிளாக்கர் என் மகன் சந்திரன். அவன் ஆபீஸ்காரர்களுக்கான ஸ்டாப் வீட்டில் இருந்தான். தர்ஷினி என்னோடு லயத்தில் வளர்ந்தாள். வெடிப்புக்குக் கீழே படுத்திருந்தது அவனைப் பெற்றவளும் அவன் பெற்றவளும். தோட்டத்தை நடத்தும் துரை கடிதத்தைப் பார்த்து, யார் இந்தப் பிள்ளைகளைத் தூண்டிவிடுவது என்று கத்தினாராம். இவனுக்கு வேர்த்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதத்தோடு வந்தான். "அம்மா, கூரைத் தகரம் கேட்டு மனு. முதல் பேரு நீ போடும்மா. உன்னப் பாத்தா மத்தவங்களும் போடுவாங்க."

போட்டேன். என் கண்ணாடி உடைந்து கிடந்தது. கண்ணாடி இருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன். பெற்ற மகன் நீட்டும் காகிதத்தை எவள் வாசிப்பாள்? எனக்குக் கீழே லயமே போட்டது. தெரியாதவர்கள் பெருவிரலை அமுக்கினார்கள்.

அதில் எழுதியிருந்தது தகரம் அல்ல. அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் செய்விக்காமல், டீச்சர் அவர்களைச் சேற்றில் இறக்கி மண் அளக்கச் செய்கிறார், அவரை மாற்றித் தாருங்கள் என்று எழுதியிருந்தது. வலயத்திலிருந்து அந்தக் கழுத்துப்பட்டி ஐயா வந்தார். பெரிய மாஸ்டர் கேள்வியைச் சுவரிலிருந்து உரித்தார். பாதி எழுத்து சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. அதன்மேல் மாதிரி வினாத்தாளை ஒட்டினார். டீச்சருக்குப் பொல்பிட்டியப் பக்கம் மாற்றம்.

கடைசி நாள் கொட்டிலுக்கு வந்தார்கள். விசாரணையில் கொடுத்த மனுவின் பிரதியை என் முன்னால் வைத்தார்கள்.

"முதல் பேரு உங்க பேருதான் அக்கா."

ஒட்டுப்போட்ட கண்ணாடியை மாட்டி எழுத்துக் கூட்டி வாசித்தேன். பானையில் சோறு அடிப்பிடித்தது. "டீச்சர், கூரைத் தகரம்னு சொன்னான் டீச்சர்."

"தெரியும். என்னத் திட்டணும்னா நீங்க நேர்ல திட்டுவீங்க. காகிதம் தேட மாட்டீங்க." பிறகு சொன்னார்கள், "அவன மன்னிச்சிருங்க அக்கா. அவன் பயந்தவன்."

முடிச்சுப் போட்ட கயிற்றைத் தர்ஷினியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "திங்கட்கிழமை மறக்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார்கள்.

பிள்ளைகள் மறக்கவில்லை. மாதிரி வினாத்தாளை முடித்துவிட்டு, தர்ஷினி, ரோகிணி, கிங்ஸ்லி மூன்று பேரும் மேட்டுக்கு ஏறுவார்கள். பெரிய மழையில் ஒரு திங்கட்கிழமை, விடியக்காலையிலேயே ஏறிப் போன தர்ஷினி ஓடி வந்தாள்.

"கயிறு எட்டல அப்பாயி."

ஒரு கரண்டியை எடுத்துச் சட்டியில் தட்டிக்கொண்டே லயம் முழுக்கப் போனேன். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பியவர்களைத் திருப்பினேன். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி ஏசினாள். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குள் ஏற்றினேன். சந்திரனுக்கு ஆள் அனுப்பினேன். "ஆயிரம் மழை பாத்த மண்ணு, அம்மாவச் சும்மா இருக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினான். பிற்பகல் மேடு இறங்கியது. ஆறு காம்பரா மண்ணுக்குள். என் ஏழு சட்டியும் உள்ளே. ஓர் உயிர் போகவில்லை.

டீச்சருக்குப் போன் எடுத்தோம். எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இருக்கிறார்கள் என்றேன். பிறகு, "அளந்ததப் பிள்ளைங்க எழுதி வச்சாங்களா?" என்றார்கள்.

அதற்கு இத்தனை வருசம் கழித்து, வட்டகொடைச் சாவு வீட்டில் நடந்ததை இனி எழுதுகிறேன். எழுதும்போதே வாயில் கசப்பு ஊறுகிறது.

முதலில் கழுத்துப்பட்டி ஐயா பேசினார். ஒரு கேள்வியை நடுவில் வைத்து எல்லாப் பாடத்தையும் இணைக்கும் புதிய முறையை இப்போது கருத்தரங்குகளில் தாங்கள் சொல்லிக் கொடுக்கிறார்களாம், டீச்சர் இருந்தால் மகிழ்ந்திருப்பாராம். பெரிய மாஸ்டர் எழுந்து, அந்தக் காலத்திலேயே டீச்சருக்குத் தாம் முழுச் சுதந்திரம் கொடுத்ததாகச் சொன்னார். கேள்வியை உரித்த அதே நகத்தால் கண்ணைத் துடைத்தார். பழைய குழம்பை மோந்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் இவர்கள் அந்நியர். துப்பிவிட்டுப் போகலாம்.

பிறகு சந்திரன் மைக்கைப் பிடித்தான். நான் நினைத்தேன், இப்போது சொல்வான். பெட்டி மூடுமுன் சொல்வான். பயந்தவனுக்குக்கூட ஒரு நாள் வரும்.

"அன்னைக்கு மண்ணு சரியப் போகுதுன்னு நிர்வாகம் முன்கூட்டியே கவனிச்சு, நானே வீடு வீடாப் போயி சனங்களை எழுப்பினேன். அதுக்கு டீச்சரோட ஒத்துழைப்பும் இருந்துச்சு."

ஒத்துழைப்பு. தர்ஷினி தன் தகப்பனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். குசுமா ஆச்சிக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சருக்குச் சத்தம் பிடிக்காது என்பதற்காக நின்ற இடத்திலேயே நின்றேன்.

மூடும் நேரத்தில் தர்ஷினி முன்னால் போனாள். அந்தக் கயிற்றை எடுத்து டீச்சர் கையிலிருந்த செபமாலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மண் நிறமாகப் போயிருந்தது. முடிச்சு ஒன்றும் அவிழவில்லை.

போய் வாருங்கள் டீச்சர். உங்கள் கேள்விக்கு விடை இன்னும் என்னிடம் இல்லை. வட்டகொடையில் உங்களைத் தூக்கியபோதும் மழைதான். மைக்குக்கு மேல் தகரம் இருந்தது, உங்களைச் சுமந்த பிள்ளைகளுக்கு இல்லை.

மலர்க் குழுவினர் வந்து, ஒரு பெயரை மட்டும் எடுத்துவிடலாமா அம்மா, பெற்ற பிள்ளையாயிற்றே என்றார்கள். முடியாது என்றேன். தர்ஷினியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். அவளும் ஒரு வரியை எடுக்கச் சொல்லவில்லை. இந்தத் தடவை என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறேன். டீச்சர் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. கடைசி நாள் கொட்டிலில் 'அவன மன்னிச்சிருங்க' என்று சொன்ன ஒன்றைத் தட்டுகிறேன். மனுவுக்காக மன்னித்திருப்பேன், அது பயம். பெட்டிக்கு முன்னால் சொன்னதற்கு மன்னிப்பில்லை. மன்னிக்க மாட்டேன் என்று நான் சொல்வது ஒருவனைத்தான்: சந்திரன்.