மொபெட் கண்ணாடியில் ஸ்டெல்லா அக்கா

அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றபோது நாங்கள் செய்யுள் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். "ஸ்டெல்லா போயிடுச்சும்மா" என்றார். காய்ச்சலென்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் பக்கத்து வீட்டு அக்கா திரும்பி வரவில்லை.

தெருவில் நாங்கள் எல்லோரும் அவரைக் கேமராவோடுதான் பார்த்திருக்கிறோம். குவைத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், அனுப்பியது அது. விசேஷத்துக்கு இரவல் கேட்டால், "என் தேன்சிட்டுக்கே பிலிம் பத்தலங்க" என்று சிரிப்பார். எடுத்த படங்கள் குவைத்துக்குப் போகும். "அங்க கண்ணுக்கெட்டுன தூரம் மணலாம்டி. நம்ம வாசல அவங்க பாக்க வேணாமா?"

ஆண் தேன்சிட்டு நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாய் மின்னும். அக்கா வீட்டுச் செம்பருத்திக்கு வரும் சிட்டு, அவர் மாமனாரின் மொபெட் கண்ணாடியில் தன்னையே பார்த்து, வேறொரு சிட்டு என்று கொத்திக்கொண்டே இருக்கும். அதனால் அக்கா கண்ணாடியைத் துணியால் கட்டி வைத்திருப்பார். படத்துக்காக அவிழ்ப்பார், ஒன்று எடுத்ததும் கட்டிவிடுவார். இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவேன். "நமக்கு அது படம். அதுக்கு உசிரு போற சண்டைடி" என்பார்.

ஒருநாள் அதன் ஆவேசத்தைப் பார்த்துச் சிரித்தவர், கேமராவை முகத்திலிருந்து இறக்கியபடியே அழுத்திவிட்டார். பிரிண்டில், சிட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தார். "கெட்டுப்போச்சு. இத எப்படி மாமாவுக்கு அனுப்புறது? நீ வச்சுக்க."

அடக்கத்தன்று மாலை போடப் படம் தேடினார்கள். கல்யாணப் படத்தில் அக்கா பயந்துபோய் நிற்கிறார். டிக்கெட் கிடைக்காத மாமா எங்கள் வீட்டு போனில் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். "சிரிக்கிற படமா வைக்கச் சொல்லும்மா. நான் வந்து அதத்தானே பாக்கணும்" என்றார்.

அகராதிக்குள் வைத்திருந்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கும்பகோணம் ஸ்டூடியோவில் முகத்தை மட்டும் பெரிதாக்கினார்கள். சிட்டு அதில் இல்லை.

மாமா வந்து அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "எதப் பாத்து இப்படிச் சிரிக்குது?" என்று கேட்டார். சின்னப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு அனுப்ப முடியாதென்று அக்கா ஒதுக்கிய படம் அவரோடு குவைத்துக்குப் போய்விட்டது.

எனக்கு மிஞ்சியது மொபெட் கண்ணாடியைக் கட்டிய அந்தத் துணிதான். காற்றில் அவிழ்ந்திருந்தால், பள்ளிக்குப் போகுமுன் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போகிறேன்.