பீச்சாங்கையில் இரண்டு குச்சி

சோரியாங்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பி வரும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் வலது மணிக்கட்டு ஒடிந்தது. பிளேட் வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், எல்லாம் ஆயிற்று, விரல்கள் மட்டும் மடங்க மாட்டேன் என்றன. நரம்பு விஷயம், மெதுவாகத்தான் சரியாகும் என்றார் டாக்டர். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

எங்கள் பக்கம் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை. எந்தக் கைக்கு என்ன வேலை என்பதைப் பெயர் வைத்தவர்களே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். காலையில் கொல்லைக்குப் போய்வந்த கையால் மத்தியானம் சோற்றைப் பிசைவதா? உயிரே போனாலும் மாட்டேன் என்றேன். அப்ப ஸ்பூனால சாப்பிடு என்றாள் என் மனைவி. ஸ்பூனா! கிருமாம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒருவன் ஸ்பூனால் சாப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் படுத்துட்டான். மறுநாளே சாத்துக்குடியும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உச்சுக் கொட்டி, அவர்களுக்குத் தெரிந்த கை போன கதை, கால் போன கதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அதனால் மனைவி ஊட்டினாள். ஊட்டுவது என்றதும் ஏதோ சினிமாக் காட்சி மாதிரி நினைத்துவிடாதீர்கள். அவள் ஒரு கண்ணை டிவி சீரியலில் வைத்துக்கொண்டுதான் ஊட்டுவாள். வில்லி பேசி முடிக்கிறவரைக்கும் உருண்டை அந்தரத்தில் நிற்கும், நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன். சீக்கிரம் குடுடி என்று கத்துவேன். கத்தின வாயிலேயே திணிப்பாள். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். எங்கள் அப்பாவின் நிலத்தை நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம், அவர் கோபம் மட்டும் முழுசாக எனக்கே வந்து சேர்ந்தது. எனக்கு ஊட்டி முடித்துவிட்டு அவள் ஆறிப்போன சோற்றைத் தனியாகச் சாப்பிடுவாள். அதைப் பார்க்கும்போது இன்னும் கோபம் வரும், அவள்மேல் இல்லை, அந்த நாய்மேல்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது தங்கை வந்தாள். அவள் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள், அந்தத் தாய்மாமன் நான். தட்டு வரிசை, பாவாடை சட்டை, கம்மல் எல்லாம் எடுத்துவிடலாம், மடியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. பந்தியைப் பற்றித்தான் பேச வந்திருந்தாள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் போட்ட தங்கை கல்யாணப் பந்தியில் எங்கள் அப்பா உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பாயாசம் வரவில்லை. வேண்டுமென்று செய்ததா, வாளி காலியாகிவிட்டதா, யாருக்குத் தெரியும். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். இலையை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு நேராகப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார். விருந்தில் இலையை நம் பக்கமாக மடித்தால் வயிறும் நிறைந்தது, உறவும் வேண்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில். மடிக்காமலே எழுந்து போனால் என்ன அர்த்தம் என்பதைத் தங்கையின் மாமனார் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு. ஆனால் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தாலும், துணி காயப்போட மறந்தாலும், தங்கைக்கு அந்த வீட்டில் கிடைக்கும் பேச்சு ஒன்றுதான், பாயாசத்துக்கு எழுந்து போன வூடுதானே. முறைப்படி அந்த மாமனார் என்னை மாப்ள என்று கூப்பிட வேண்டும். ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவர் வைத்திருந்த பேர் ‘இந்தாப்பா’.

தங்கை என் மடங்காத கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அண்ணா, நீ மொதப் பந்தியில அவுரு பக்கத்துல உக்காந்து, வயிறு நெறைய துன்னுட்டு, எலைய மடிச்சிட்டு எழுந்துக்கணும். எனக்கு வேற சீர் ஒண்ணும் வோணாம்.”

அவள் போன பிறகு யோசித்தேன். மனைவி ஊட்டினால் ஊரே சிரிக்கும். ஸ்பூன் என்றால் காதுகுத்து வீடு ஆஸ்பத்திரி வார்டு ஆகிவிடும், குழந்தையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்று உச்சுக் கொட்டுவார்கள். சாப்பிடாமல் வந்தாலோ, அப்பன் புத்தி அப்படியே இருக்குது என்பார் அந்த மனுஷன். தங்கை காலத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வழி ஒரு நூடுல்ஸ் பார்சலில் வந்தது. புதுச்சேரியில் வேலைக்குப் போகும் என் மகள் ஒரு சனிக்கிழமை வாங்கி வந்தாள். உள்ளே காகித உறைக்குள் ஒட்டிப் பிறந்த இரண்டு குச்சிகள். பல் குத்த இவ்வளவு நீளமா என்று கேட்டாள் மனைவி. மகள் சிரித்துச் சிரித்து, சாப்ஸ்டிக் என்று விளக்கிவிட்டு, ஒருதரம் பிடித்தும் காட்டினாள். அவள் பிடித்த நூடுல்ஸ் அவள் துப்பட்டாவில் விழுந்தது. நான் வெறுமனே விளையாட்டுக்குத்தான் அந்தக் குச்சிகளைப் பீச்சாங்கையில் எடுத்தேன். எப்படியோ முட்டைக்கோஸ் துண்டு ஒன்று மாட்டியது. அது வாய்வரைக்கும் வந்து சேர்ந்தது. கை எதையும் தொடவில்லை. தொட்டது குச்சிதான்.

ஸ்பூனும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். ஸ்பூனைப் பிடித்தவன் நோயாளி. குச்சியைப் பிடித்தவன் வித்தைக்காரன். இது விளங்காதவர்களுக்கு எங்கள் தெருவைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம்.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமே. கடலூர் ரோட்டில் ஃபாஸ்ட்ஃபுட் வண்டியில் மணிப்பூர்க்காரர் ஒருவர் நூடுல்ஸ் கிளறுவார். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எங்க ஊர்ல நாங்களும் கையாலதான் சாப்பிடுவோம்ணா என்றார். வண்டிக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த தட்டில் சோறும் மீன் குழம்பும்தான் இருந்தன. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ஃப்ரைட் ரைஸ் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு போன்தான். வீடியோவில் யாரோ ஒரு பெண் வலது கையால் பிடித்துக் காட்டினாள். எதிரே இருக்கிறவளின் வலது கை எனக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி நேராக இடது கைக்கே வந்தது. பீச்சாங்கைக்காரனுக்கு அமைந்த ஒரே வசதி! கீழ்க்குச்சி அசையக் கூடாது, மேல்குச்சி மட்டும் ஆட வேண்டும். சொல்ல எளிது. எனக்கு இரண்டும் சேர்ந்து ஆடின, சில நேரம் தோளும் ஆடியது.

இட்லியில் தொடங்கினேன். துண்டு போட்டு வைத்தால் இட்லி தங்கமான பிள்ளை, குத்தினாலும் வரும், பிடித்தாலும் வரும். அடுத்தது வடை. அடுத்தது வேர்க்கடலை, அதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. சோற்றுக்கு வந்தபோது எங்கள் வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டாட்டம். நான் பின்கட்டில் தட்டோடு உட்கார்ந்ததும் எங்கிருந்தாலும் ஓடி வந்து காலடியில் நிற்கும். மனைவி பார்த்துவிட்டு, நீ கத்துக்கிறதுக்குள்ள இதுங்க கொழுத்துடும், அதையே அடிச்சி கொழம்பு வெச்சிடலாம் என்றாள். அன்றைக்குக் கோபம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவள் வாயால் எதுவும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் சோறு மாறியது. எங்கள் வீட்டில் சோறு பொலபொலவென்று இருக்கும், அவளுக்கு அதில் பெரிய பெருமை. குழைந்த சோறு வடித்த வீட்டைப் பற்றி ஒரு வாரம் பேசுவாள். அப்படிப்பட்டவள் எனக்காகத் தினமும் ஒரு கொதி கூட விட்டுக் குழைய வடித்தாள். குழைந்த சோறு கட்டியாக நிற்கும், குச்சிக்கு மாட்டும். யாராவது வந்தால் மூடி போட்டு மறைத்துவிடுவாள்.

வந்தவர்கள் சோற்றையா பார்த்தார்கள்? குச்சியைப் பார்த்தார்கள். தெருவில் விஷயம் பரவி, மாலையானால் நாலு பேர் நிற்பார்கள். கடலையைப் பிடி, பட்டாணியைப் பிடி என்று பந்தயம். ஒருத்தர்கூடச் சாத்துக்குடி வாங்கி வரவில்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்பதையே மறந்துவிட்டார்கள். அந்த மறதியை நான் எவ்வளவு அனுபவித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

காதுகுத்து நாள் வந்தது. தங்கை பெண் என் மடியில் உட்கார்ந்து ஊசியைப் பார்த்ததும் போட்ட சத்தம் பாகூர் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு காதும் ஆனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி கேட்டாள். எனக்கும் தைரியம் வந்தது. முதல் பந்தி போட்டார்கள், டேபிள், சேர், காகித விரிப்பு, இலை. என் வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் தங்கையின் மாமனார். எதிர்வரிசைக்குப் பக்கத்தில் தங்கை பாயாச வாளியோடு நின்றிருந்தாள்.

சட்டைப் பையிலிருந்து குச்சிகளை எடுத்தேன். மாமனார் திரும்பினார்.

“இன்னாப்பா இது, பீச்சாங்கையில?”

“கை தொடல மாமா. குச்சிதான் தொடுது.”

அவர் யோசித்தார். பிறகு தன் இலைக்குத் திரும்பினார். நான் வடையைப் பிடித்து வாயில் போட்டேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள். அப்பளம், உருளைக்கிழங்கு, அவரைக்காய், எல்லாம் வரிசையாக வந்தன. அப்புறம் சோறு விழுந்தது.

விருந்துச் சோறு. பொலபொலவென்று, பருக்கைக்குப் பருக்கை ஒட்டாமல். இத்தனை நாள் குழைந்த சோற்றை, அதுவும் விளிம்பு வைத்த தட்டில் சாப்பிட்டுப் பழகிய மடையன் நான். இலைக்கு ஏது விளிம்பு? தட்டின் ஓரத்தில் அணைத்துத்தான் சோற்றைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் உறைத்தது. தள்ளத் தள்ளச் சோறு ஓடியது. அழுத்திப் பிடித்தேன். இலை கிழிந்தது. சாம்பார் கிழிசல் வழியாக இறங்கி, காகிதத்தில் ஊர்ந்து, மாமனாரின் வெள்ளை வேட்டியை நோக்கிப் போனது. அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கைதட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாவம், கைதான் ஒடிஞ்சிடுச்சே என்று ஒரு குரல் கேட்டது. காது சூடாகிவிட்டது எனக்கு. போதும்டா சாமி, எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். தள்ளிய சத்தத்தில் தங்கை நிமிர்ந்தாள். வாளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கல்யாணத்தன்று அப்பா எழுந்தபோது அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அப்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு கை என் இலைக்குள் வந்தது. என் மனைவி என்னைப் பார்க்கக்கூட இல்லை. தன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, என் சோற்றைக் கிழியாத பக்கமாக ஒதுக்கி, சாம்பாரை விட்டு நன்றாகப் பிசைந்து, உருண்டை பிடித்து வரிசையாக வைத்தாள். தினமும் எனக்கு ஊட்டுவதற்குப் பிடித்த அதே உருண்டைகள். ஊட்டவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். பிறகு தன் இலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

நாற்காலியை முன்னால் இழுத்தேன். முதல் உருண்டை குச்சிக்கு நடுவில் நின்றது, உயர்ந்தது, வாய்க்குள் போனது. அந்தச் சாம்பார் சோற்றின் ருசியை இப்போதும் சொல்வேன், பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். ரசம் வந்ததும் அவள் கை மறுபடி வந்து உருண்டை பிடித்து வைத்தது, தயிருக்கும் அப்படியே. எங்கள் இரண்டு பேர் சோறும் ஒரே நேரத்தில் சூடாக இருந்தது, அதுவே எனக்குப் பெரிய விருந்து. மாமனார் தன் சாப்பாட்டை மறந்துவிட்டு என் குச்சியைப் பார்த்தபடி இருந்தார். தயிர்ச் சோற்று உருண்டை ஒன்று வழியில் நழுவப் பார்த்தபோது, அவர் வாயும் தானாகத் திறந்தது.

தங்கை பாயாசத்தோடு எதிர்வரிசையில் தொடங்கப் போனாள். மாமனார் அவளைக் கூப்பிட்டு, மொதல்ல இந்தப் பக்கம் ஊத்தும்மா என்றார். டம்ளரைப் பீச்சாங்கையில் பிடித்துக் குடிப்பதைப் பந்தியில் யாரும் தப்பு சொல்வதில்லை. குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டும் குடித்தேன்.

இலையை மடிக்க வேண்டும். குச்சியால் விளிம்பைப் பிடித்து இழுத்தேன், கிழிந்த இலை பாதியில் நழுவி விழுந்தது. மறுபடி இழுத்தேன். அப்போது ஒரு சுருங்கிய கை நீண்டு வந்து என் எச்சில் இலையின் விளிம்பைப் பிடித்தது. வயசில் மூத்தவர், பெண் எடுத்தவர், அவர் இன்னொருவரின் எச்சிலைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஒட்டியிருந்த பருக்கையோடு அந்த இலையை நிதானமாக என் பக்கம் மடித்து, மேலே ஒரு தட்டு தட்டினார்.

“அடுத்த பந்திக்கு ஆளு நிக்கிறாங்கோ. எழுந்துக்கோ மாப்ள.”

வாளி காலியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு தங்கை திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் இலையை ஒருதரம் பார்த்துவிட்டு எழுந்தேன்.