இலைக்குக் கீழே விதை

மார்கழி பிறந்துவிட்டால் டொராண்டோவில் என் அலுவலகமே வெயிலைப் பற்றித்தான் பேசும். காபி எடுக்க எழுந்தால், "எங்கே போகிறாய்?" என்று கேட்பார்கள். காபி எடுக்கத்தான் என்று முதல் வருடம் அப்பாவியாகப் பதில் சொன்னேன். குளிருக்குத் தப்பி எந்தக் கரீபியன் தீவுக்குப் போகிறாய் என்பதுதான் கேள்வி. பங்குனி வெயிலில் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பத்தின் நிழலுக்குள் நாலு பேரோடு ஒண்டி நின்றவன் நான். வெயிலுக்கு டிக்கெட் எடுப்பதா என்று ஆறு வருடம் வீம்பாகவே இருந்தேன்.

இந்த வருடம் அந்த வீம்பு உடைந்தது. தை கடைசியில் முடிச்சூரில் என் தங்கை தேவிக்குக் கல்யாணம். எப்படியும் நீண்ட லீவு, ஒரு வாரம் கடல் பார்த்துவிட்டு அப்படியே சென்னைக்குப் போகலாம் என்றாள் என் மனைவி மீனா. அவளுக்கு பார்படோஸ் மேல் ஆசை. நான் டிரினிடாட் என்றேன். காரணம், பக்கத்து மேசைக்காரர் மூன்சாமி. அந்தத் தீவில் பிறந்தவர், தன் பெயரில் நிலா இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். அது முனுசாமி, எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் உண்டு என்று நான் சொன்னதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய கொள்ளுத் தாத்தா மெட்ராஸில் கப்பலேறியவராம். மறுநாளே, ஊரில் தன் அம்மா வீட்டில்தான் நாங்கள் தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மீனா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள்.

பயணத்துக்கு முன் போடும் ஊசிகளுக்கென்றே இங்கே கிளினிக் இருக்கிறது. அங்கிருந்த நர்ஸ், கொசு எப்படிக் கடிக்கும், டெங்கு எப்படி வரும் என்று எனக்குப் படம் போட்டு விளக்கினார். முடிச்சூரில் வளர்ந்தவனுக்குக் கொசுவை அறிமுகம் செய்துவைக்கிறாரே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு, 'யெல்லோ ஃபீவர்' வந்ததுண்டா என்று கேட்டார்.

"வந்திருக்கிறது" என்றேன். பேனா நின்றது.

"எப்போது?"

"2015 வெள்ளம் வடிந்த மறுமாதம்."

"எப்படிப் பிழைத்தீர்கள்?"

"அம்மா ஒரு இலையை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள்."

அவர் எழுந்து போய் டாக்டரையே அழைத்து வந்துவிட்டார். கண் மஞ்சளாக இருந்ததா, பசி எடுத்ததா என்று டாக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். எனக்கு வந்தது காமாலை; 'யெல்லோ ஃபீவர்' என்பது கொசுவால் வரும் வேறு நோயாம். அந்த வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் ஜன்னல் வரை ஏறி, கிணறும் சாக்கடையும் ஒன்றாகி, தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. மஞ்சளும் இருந்தது, காய்ச்சலும் இருந்தது, நான் வேறு எப்படி மொழிபெயர்ப்பேன்?

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்துச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு போனது. டிரினிடாடிலிருந்து நேராக இந்தியா போகிறவர்களிடம் யெல்லோ ஃபீவர் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் தனியே வைத்துவிடுவார்கள். நாங்கள் சென்னையில் இறங்கிய மூன்றாம் நாள் முகூர்த்தம். தேவியின் கையில் பொரி போட நான் ஒருவன்தான் அண்ணன். சொந்த ஊர் வாசலில் என்னை நிறுத்திவைத்துவிட்டு அங்கே மேளம் கொட்டிவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அட்டை செல்லுமாம். விரல்விட்டு எண்ணினேன். சென்னையில் இறங்குவது பதினாறாம் நாள். நானும் கூட வந்திருந்த மீனாவும் அப்போதே சட்டைக் கையை மடக்கினோம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"மஞ்ச காய்ச்சலுக்கு ஊசி எதுக்குடா? பின்னாடி காலி மனைல கீழாநெல்லி மண்டிக் கெடக்கு. வா, அரைச்சுத் தரேன்."

"அது காமாலைம்மா. இது வேற."

"எதுவோ ஒண்ணு. கல்யாணத்துக்கு வந்துடுவல்ல? அதச் சொல்லு."

"வந்துடுவேன்மா" என்றேன்.

டிரினிடாடில் மூன்சாமியின் அம்மா எங்களை உறவுக்காரர்களைப் போலவே வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, அவருக்கு என் காமாலைக் கதையைச் சொன்னேன். கேட்டுச் சிரித்தவர், கொல்லைப்படியோரம் ஒரு செடியைக் காட்டினார். "சீட் அண்டர் லீஃப். காமாலைக்கு என் அம்மா இதைத்தான் கொடுப்பார்."

குனிந்து இலையைப் புரட்டினேன். அடியில் வரிசையாகப் பச்சை மணிகள். கீழாநெல்லியேதான். இலைக்குக் கீழே நெல்லி, இலைக்குக் கீழே விதை. மொழியை இழந்தவர்கள் கையில் அந்தப் பெயரின் பொருள் மட்டும் பத்திரமாக இருந்தது.

"உங்கள் ஊரிலும் உண்டா?" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்தேன்.

செடியைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இங்கே காலை, அங்கே விளக்கு வைக்கிற நேரம். உடனே கூப்பிட்டாள்.

"டேய், எப்படா வந்த? சொல்லவே இல்ல. பின்னாடி கீழாநெல்லிகிட்டயா நிக்கற? இரு, கதவத் தொறக்கறேன்."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் போனில் கேட்டது. சட்டைப்பையில் இருந்த மஞ்சள் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இன்னும் மூணு நாள்தாம்மா" என்றேன். அதற்குள் அவள் காலி மனையில் இறங்கி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.