வாயால இழுக்கிற வேலை

போட் எஞ்சின் திருத்துறது கைவேலை எண்டு சனம் நினைக்குது. டாங்கிக்குள்ள குழாயை விட்டு மண்ணெண்ணையை வாயால இழுத்த உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், அதில பாதி வாய்வேலை எண்டு.

ஆர் இழுக்கிறது?

ஏ.எல். வகுப்பில பௌதிகப் படிப்பை அரைவாசியில விட்டுப்போட்டு, துறைமுகப் பக்கம் நிசார் நானாட எஞ்சின் கடையில சேர்ந்தனான். கிண்ணியா ஊர் ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க நானா எண்டுதான் கூப்பிடுறது. முதல் நாளே குழாயின்ர ஒரு முனையை டாங்கிக்குள்ளயும் மற்றதை வாயிலயும் வச்சு ஒரு இழுவை. எண்ணெய் வாய்க்குக் கிட்ட வர, பெருவிரலால அடைச்சு, கீழ இருந்த கேனுக்குள்ள விட்டார். பிறகு அது தன்பாட்டில ஓடுது.

"நானா, நீங்க இழுக்கேல்ல. குழாய்க்குள்ள காத்துக் குறைய, வெளிக்காத்துத்தான் எண்ணெயைத் தள்ளுது" எண்டு படிச்ச திமிரில சொன்னனான்.

நானா துப்பிப்போட்டுச் சொன்னார்: "அப்ப காத்துக்கிட்டச் சொல்லு, நாளைக்கு அது வேலைக்கு வரட்டும்."

நல்லி எலும்பு

கட்டைபறிச்சானில இருந்து ஒருத்தர் போட்டைக் கொண்டுவந்தார். எண்ணெயில தண்ணி கலந்திட்டுது, டாங்கியை வெறுமையாக்கோணும். நானா குழாயை வாயில வச்சு இழுக்கேக்க கன்னம் ரெண்டும் உள்ள போச்சு. என்ர வாய் சும்மா கிடக்குமோ? "நானா, கந்தூரி விருந்தில நல்லி எலும்பு உறிஞ்சிற மாதிரி இருக்கு. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ."

நானா சிரிச்சுப்போட்டார். சிரிச்சவர் மூச்சை உள்ள எடுத்தார். எண்ணெய் வயித்துக்குப் போகேல்ல, நெஞ்சுக்குள்ள போச்சு. இருமினார், இருமினார், உதடு நீலமாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில ஏத்தேக்க போட்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிரிப்புக்காட்ட வேற நேரம் கிடைக்கேல்லையோ தம்பி?"

மூண்டு பந்து

ரெண்டு கிழமை கழிச்சு வார்ட்டுக்குப் போனா, நானாட கையில ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளுக்கு மூண்டு பந்து. வாயால மூச்சை இழுத்தா பந்து எழும்போணும். ஒரு பந்து அரைவாசி எழும்பி விழுந்துது. மற்ற ரெண்டும் அசையேல்ல. ஒரு மூச்சில டாங்கி இழுத்த மனிசன்.

நானாட மனிசியை நான் அக்கா முறையில ராத்தா எண்டுதான் கூப்பிடுறனான். வெளியில கூட்டிப்போய், "நான்தான் சிரிக்க வச்சனான் ராத்தா" எண்டு சொல்லிப்போட்டன். அவ சொன்னா: "வீட்ட வந்தும் உன்ட கதையச் சொல்லித்தான் சிரிக்கிறவர் தம்பி."

இளநி

இப்ப நானா கடைக்கு வந்து கதிரையில இருக்கிறார். ரெண்டு படி ஏறினா இளைப்பு, சிரிச்சாலும் இளைப்பு. இனிப் போட்டில ஏற ஏலாது. நான் கைப்பம்ப் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன். குமிழை அமத்தி விட்டா எண்ணெய் வரும், வாய் தேவையில்ல. நானும் இப்ப பகிடி விடுறேல்ல.

நேற்று இளநி வாங்கிக் குடுத்தனான். ஸ்ட்ரோவை வாயில வச்சு ரெண்டு தரம் இழுத்தார். வரேல்ல. எடுத்து வச்சிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "காத்துக்கு... இண்டைக்கு லீவோ எண்டு... கேட்டுச் சொல்லு."

இந்தத் தொழிலில மண்ணெண்ணையைவிடக் கஷ்டம் சிரிப்பை வாய்க்குள்ள பிடிச்சு வச்சிருக்கிறதுதான். நான் சிரிச்சா நானாவும் சிரிச்சுப்போடுவார்.