தேனீயின் முழங்கால்

ஒருவரை மிகச் சிறந்தவர் என்று புகழ ஆங்கிலத்தில் ‘பீஸ் நீஸ்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தேனீயின் முழங்கால்கள். முதலில் அது கண்ணில் படாத அற்பப் பொருளைக் குறித்ததாம். ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க இளைஞர்கள் பூனையின் மீசை, பாம்பின் இடுப்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பாராட்டாக்கிச் சிரித்தபோது, இதுவும் புகழ்ச்சியாகிவிட்டது. தேனீ மகரந்தத்தைக் காலில் சுமப்பதால் வந்தது என்பாரும் உண்டு; அதற்குச் சான்றில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து இதைத் தேடிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தேவைப்பட்ட நாளில்தான் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. கவுன்சில் கடிதம், மருந்துக்கடை, தொலைபேசி எல்லாவற்றுக்கும் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்த வேலை இன்றும் ஓயவில்லை. அம்மா லண்டனில், குரோய்டனில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்தார். பள்ளி விடுமுறையில் என்னை விட்டுப்போக ஆளில்லாமல் கூடவே அழைத்துப் போவார்.

அந்த வருடம் அவருடைய முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. காற்சட்டைக்குள் துணி சுற்றிக்கொண்டு போவார். வேலையிடத்தில் மூச்சு விடவில்லை. இடுப்பு நோகிறது என்று சொன்ன ஒருத்தியின் ஷிப்டைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை சூப்பர்வைசர், ஒரு வெள்ளைக்காரப் பெண், லிஃப்ட் வாசலில் எங்களைக் கண்டு என்னிடம் உற்சாகமாகச் சொன்னார்: “யுவர் மம் இஸ் த பீஸ் நீஸ்!”

“என்னவாம் பிள்ளை?” என்றார் அம்மா.

“தேனீயாம். முழங்காலாம்.”

“முழங்காலோ? வடிவாக் கேட்டனியோ?”

“ஓம். உங்கட முழங்காலைத்தான் சொல்லுறா.”

அம்மா வாளியைக் கீழே வைத்தார். “ஆர் சொன்னது இவவுக்கு? நீ ஏதும் வாய் விட்டனியோ?”

“சத்தியமா இல்லை அம்மா.”

“எனக்கு ஒரு நோவும் இல்லையெண்டு சொல்லு. ஓடவும் ஏலும் எண்டு சொல்லு.”

சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடி விடுவதாக நினைத்திருக்க வேண்டும். அம்மாவுக்கோ அது நம்பாத சிரிப்பாகத் தெரிந்தது. லிஃப்ட் வந்தது. சூப்பர்வைசர் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறினார். ஐந்து மாடி. அந்தக் கோடை முழுவதும், சூப்பர்வைசர் கண்ணில் பட்ட நாளெல்லாம், படிதான்.

நானும் பின்னால் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் படியோரத்துச் சன்னலைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார்.

“அங்கை பார் பிள்ளை, ட்ராம் போகுது.”

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அது வளைவில் மறையும்வரை பார்ப்பேன். போகலாமா என்று திரும்பினால், “அவசரப்படாதை, அடுத்ததும் வரட்டும். அதையும் பாத்திட்டுப் போவம்” என்பார்.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் எனக்கு ட்ராம் காட்ட ஐந்து தடவை நிற்கிறாரே என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.