தகரத்தில் இரண்டு தட்டு

பல்லடம் பேருந்து நிலையத்தில் தின்பண்டம் விற்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கூடையோடு பேருந்துக்குள் விற்றுக்கொண்டிருக்கையில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துவிட்டால், கீழே நிற்பவர் எவராயினும் வண்டியின் தகரத்தில் இரண்டு முறை தட்டுவார். உள்ளே இருப்பவர் உடனே இறங்கிவிடுவார். போட்டியாளர் என்ற பேதம் அதில் இல்லை.

முறுக்கு விற்கும் என் அம்மாவுக்கு அந்தத் தட்டுதான் காது. தெற்கேயிருந்து வந்து, சோமனூரில் பதினாறு ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியதில் அவருடைய செவிப்புலன் பாதி போய்விட்டது. நடத்துநரின் விசில் எட்டாது. கைப்பிடிக் கம்பி வழியே வரும் அதிர்வு எட்டும்.

நானோ, பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியவள். எதிரணியை முதலில் உடை, பிறகு உன் வாதத்தை நிலைநிறுத்து என்பது நான் கற்ற பாடம். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு மாலை, கூடையை எடுத்துக்கொண்டு குண்டடம் வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினேன். பனியன் கம்பெனி வேலை முடிந்த கூட்டம். வெறுமனே கூவுவது எனக்கு இழிவாகப் பட்டது, பேசினேன். எங்கள் எண்ணெய் அன்றன்றைக்குப் புதிது என்று புகழ்ந்தேன். வெளியே விற்கும் முறுக்கு முந்தாநாள் எண்ணெயில் பொரித்தது என்றும் சொன்னேன். அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. என் வாக்கியத்துக்கு ஓர் எதிரி தேவைப்பட்டார், அவ்வளவே. வண்டியே சிரித்தது. கூடை காலியானது.

சன்னலுக்குக் கீழே, முறுக்கு விற்கும் குன்னத்தூர்க்காரர் நின்றிருந்தார்.

“ஏனுங்ணா, பழைய எண்ணெயாமா?” என்று ஒரு பெண் சன்னல் வழியே கேட்டாள்.

அவர் நீட்டிய பொட்டலத்தைக் கூடைக்குள் திரும்ப வைத்தார். நான் படியை அடைந்தபோது வண்டி உருளத் தொடங்கியிருந்தது. யாரும் தட்டவில்லை என்பதை வெற்றிக் களிப்பில் நான் உணரவே இல்லை.

மூன்றாம் நாள் அம்மா மீண்டும் வேலைக்குப் போனார். கல்லூரி விட்டு நான் அங்கே சென்றபோது அவர் ஒரு பேருந்துக்குள் இருந்தார். ஓட்டுநர் ஏறி அமர்ந்தார். கீழே குன்னத்தூர்க்காரர் உட்பட விற்பவர்கள் ஐந்து பேர் நின்றார்கள். ஐவரும் பார்த்தார்கள். ஒரு கையும் உயரவில்லை. நான் ஓடினேன். வண்டி நகர்ந்த பிறகே அம்மா படிக்கு வந்து, குதித்து, முழங்காலில் விழுந்தார். பின்சக்கரம் கூடையை நசுக்கிக்கொண்டு போனது.

அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர் குன்னத்தூர்க்காரரே. அவர் முகத்தில் பகை இல்லை; அதுதான் என்னை அச்சுறுத்தியது.

அன்றே அம்மாவிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் காயத்தைத் துடைத்தபடி சொன்னார்: “நீ பேசிட்டு எறங்கிட்ட, ஏட்டி. நித்தம் ஏறி எறங்குதவ நான்லா.”

மறுநாள் குன்னத்தூர்க்காரர் முன் நின்று, நான் சொன்னது பொய் என்று மன்னிப்புக் கேட்டேன். ஐவரும் கேட்கும்படியே கேட்டேன். அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

“கோவமெல்லாம் இல்ல கண்ணு. தட்டோணும்னு ஆரும் சொல்லிக்குடுத்ததில்ல. கை தானாப் போவும். இப்போ போவ மாட்டீங்குது.”

கட்டுப்போட்ட காலோடு அம்மா அடுத்த வண்டியில் ஏறினார். நான் கீழே நின்று, ஓட்டுநர் அமர்ந்ததும் தட்டினேன். அம்மா இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல், எதிரே நின்ற வண்டியை நோக்கி நடந்தார். அங்கும் போய்த் தட்டினேன். திங்களன்று எனக்குத் தேர்வு தொடங்க இருந்தது; அன்று முதல் தட்டுவதற்கு நான் இங்கே நிற்க முடியாது.