இடக்கையில் மட்டும் சீனி

சரவணை ஊர்த் தவமலர் ஒரு சண்டையிலும் தோற்றதில்லை. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய, இரத்தத்தில் சீனி பார்க்கும் மெசினோடும் அவர் சண்டைக்கு நின்றார். வலக்கை விரலில் குத்தினால் 132 காட்டுகிறது, இடக்கையில் குத்தினால் 310.

"எனக்கு இடக்கையிலதான் சீனி வருத்தம், பிள்ளை. அதுக்கு மட்டும் மருந்து தாரும்," என்று கிளினிக்கில் தாதி சிவரூபியிடம் கேட்டார்.

சிவரூபி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மெசினில செருகிற இந்த ஸ்ரிப்பில பூசின நொதியம் குளுக்கோசை மட்டும்தான் பிடிக்கும், அக்கா. பிடிச்ச உடன துளி மின்சாரம் வரும், மெசின் அதைத்தான் அளக்குது. குளுக்கோஸ் ரத்தத்தில இருந்ததோ, விரல்ல ஒட்டினதோ எண்டு அதுக்குத் தெரியாது. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

கழுவிவிட்டு வந்து குத்தியபோது இடக்கையும் 134 காட்டியது.

"பாத்தியளே, மெசினிலதான் பிழை!" என்று தவமலர் வென்ற முகத்தோடு எழுந்தார்.

பக்கத்துக் கதிரையில் இருந்த கணவர் குணநாயகம் மெல்லக் கேட்டார்: "தேத்தண்ணியோட பனங்கட்டி கடிக்கிறதை விட்டு மூண்டு மாசம் எண்டனீர். இஞ்ச வர முதல் தேத்தண்ணி குடிக்கேக்க வலக்கையில கோப்பை. இடக்கையில என்ன?"

தவமலர் இடக்கையைச் சேலைக்குள் மறைத்தார்.

"கடிக்கேல்லை. சும்மா பிடிச்சுக்கொண்டிருந்தனான்."